கிடாரோடு வந்த சிங்கிள் காயில் பிக்கப்: மாற்றும் முன் சோதிக்க வேண்டியவை

"சத்தம் கீச்சுனு இருக்கு, கூடவே ஊய்ங்குனு இரைச்சல். பிக்கப்பை மாத்திடலாமா?" தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சர்ச் பாடற்குழுவிலும் திருவிழா மேடையிலும் வாசிக்கிறவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கையில் இருப்பது பெரும்பாலும் மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும், காந்தத்தோடு ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட பாகம்) உள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ எலெக்ட்ரிக் கிடார். பெங்களூரு பக்கம்தான், காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் புது செட்டோடு திரும்பிவிடலாம். மாட்டிய பிறகும் அதே கீச்சும் அதே இரைச்சலும் தொடர்ந்தால் செலவழித்த காசு திரும்பாது. பிக்கப் மேல் போடும் பழி பலமுறை ஸ்ட்ரிங், பிக்கப்பின் உயரம், பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் உள்ள மாறுதடை), கேபிள், மிக்ஸர் ஆகியவற்றுக்குச் சேர வேண்டியது. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சும் ஒலிதான் பிக்கப்பின் ஒலி.

முதலில் ஸ்ட்ரிங். வியர்வை ஏறிக் கறுத்த ஸ்ட்ரிங்கில் எந்தப் பிக்கப்பும் மந்தமாகத்தான் கேட்கும். புது செட் (10–46 போதும்) போட்டு, நன்றாக இழுத்துவிட்டு, ஒரு நாள் வாசித்த பிறகு சோதியுங்கள். போட்ட உடனே சோதித்தால் புது ஸ்ட்ரிங்கின் பளபளப்பு பிக்கப்பின் குணத்தை மறைத்துவிடும்.

அடுத்து, கிடாரை எதில் சொருகுகிறீர்கள் என்பது. கிடார் ஆம்பின் இன்புட் சுமார் 1 மெகா ஓம். மிக்ஸரின் லைன் இன்புட் பத்து, இருபது கிலோ ஓம்தான் இருக்கும். நேரடியாக அதில் சொருகினால் பிக்கப்புக்குச் சுமை கூடி, உச்ச ஒலிகள் விழுந்து, சத்தமும் இறங்கிவிடும். "ஆல்டர்ல வாசிச்சா மட்டும் உயிரே இல்லை" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த லைன் சாக்கெட். ஆம்ப் இல்லையென்றால் நடுவே பிக்கப்பின் மேல் சுமை விழாமல் சிக்னலைக் கடத்தும் ஆக்டிவ் டிஐ பாக்ஸோ, அதே வேலையைச் செய்யும் பஃபர் உள்ள ஒரு பெடலோ வையுங்கள்.

கேபிளும் கணக்கில் உண்டு. சாதாரணக் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கொள்ளளவு (கெபாசிட்டன்ஸ், மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு). 3 மீட்டரில் 300, மேடைக்கென்று வாங்கிய 10 மீட்டரில் 1000. கொள்ளளவு கூடக் கூட பிக்கப்பின் ஒலி உச்சம் கீழே இறங்கி, தெளிவு மங்கும். சோதனைக்கு 3 மீட்டர் கேபிள் ஒன்றையே தொடக்கம் முதல் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம்: அதிகம் கெடுவது இங்கேதான்

கடையில் புதிதாக வாங்கிய கிடாரிலும் பிக்கப் உயரம் சரியாக வைக்கப்பட்டிருக்கும் என்று நம்பாதீர்கள். ஆறாவது ஸ்ட்ரிங்கையும் பிறகு முதல் ஸ்ட்ரிங்கையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் 'போல்' (pole, ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் நேர் கீழே உள்ள உலோகத் துண்டு) தலைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6. இதுதான் தொடக்க அளவு. கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் 2.4, 2 என்று இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது.

இரும்பு ஸ்கேல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டு கைவசம் இருந்தால் அதுவே அளவுகோல். ஒரு கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர்; இரண்டை அடுக்கினால் 1.5, மூன்றை அடுக்கினால் 2.3. உபயோகத்தில் உள்ள கார்டை மட்டும் காந்தத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் காந்தப் பட்டை கெடக்கூடும்.

மிக நெருக்கமாக இருந்தால் காந்தமே ஸ்ட்ரிங்கை இழுக்கிறது. ஆறாவது ஸ்ட்ரிங்கை 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்து ட்யூனரைப் பாருங்கள். முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடினால், ஒரே ஸ்வரத்தில் இரண்டு சுருதி சேர்ந்து அலைவது போலக் கேட்டால், அது பிக்கப்பின் குறையல்ல, உயரத்தின் குறை. கழுத்துப் பிக்கப்பின் இரு ஸ்க்ரூவையும் கால் சுற்றுக் கால் சுற்றாக இறக்கி, முள் நிலைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) சரிசெய்யவே முடியாது.

மலிவு செட்டுகள் பலவற்றில் போல் என்பது காந்தமே அல்ல, வெறும் இரும்புத் துண்டு. அடியில் குறுக்கே ஒரு செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். பிக்கப்பைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். ஆல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தம்) வகையில் ஒவ்வொரு போலும் தனித்தனிக் காந்தம். செராமிக் செட்டில் ஸ்ட்ரிங் மீதான இழுப்பு பொதுவாகக் குறைவு. சற்று நெருக்கி வைத்தாலும் தாங்கும்.

போல்களின் உயரம் ஏறி இறங்கி இருந்தால் மூன்றாவது ஸ்ட்ரிங்கைக் கவனியுங்கள். அந்தப் பழைய அமைப்பு, மூன்றாவது ஸ்ட்ரிங்கும் சுற்றுக்கம்பியாக இருந்த காலத்துக்கானது. இன்றைய வெற்றுக்கம்பி அந்த உயர்ந்த போலின் மேல் மற்றவற்றை விடச் சத்தமாகக் கேட்கும். ஆல்னிகோ போலை அழுத்தி இறக்கப் பார்க்காதீர்கள். காயில் கம்பி போலைத் தொட்டே சுற்றியிருக்கும். அறுந்தால் பிக்கப் போச்சு.

மல்டிமீட்டர் சொல்வதும் சொல்லாததும்

கிடாரைக் கழற்ற வேண்டாம். வால்யூமை 10இல் வைத்து, கேபிளை கிடாரில் சொருகி, மறுமுனை ஜாக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே 20 கிலோ ஓம் ரேஞ்சில் அளங்கள். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்சை 1, 3, 5 என்று மாற்றினால் மூன்று பிக்கப்பும் தனித்தனியே கிடைக்கும். ஸ்ட்ராட் வகையில் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வழக்கமான அளவு. வால்யூம் பாட் இணையாகச் சேர்வதால் எண் சற்றுக் குறைந்தே தெரியும்: 6.00 கிலோ ஓம் பிக்கப், 250 கிலோ ஓம் பாட்டோடு 5.86 காட்டும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 6.00 இருந்த காயில், தர்மபுரிச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே 38 டிகிரியில் 6.42 காட்டும். தயாரிப்பாளர் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று அதனால் முடிவுகட்டிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியம்: அதிகத் தடை என்றால் அதிகச் சத்தம் என்பது இல்லை. மெல்லிய 43 கேஜ் கம்பி, குறைந்த சுற்றிலேயே அதே எண்ணைக் காட்டிவிடும். மீட்டர் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான், காயில் முழுதாக இருக்கிறதா என்பது. மற்ற இரண்டும் 6இல் நிற்க ஒன்று மட்டும் ரேஞ்சைத் தாண்டி, 2 மெகா ஓம் ரேஞ்சில் 200 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் அந்தக் காயில் அறுந்திருக்கிறது. நீங்கள் பார்ப்பது பாட்டின் தடையைத்தான். ஒலி மெலிந்து, அடி ஒலியே இல்லாமல் கீச்சென்று கேட்பதும் அதன் அடையாளம்.

500ஐ 250 ஆக்கிப் பார்ப்பது

கீச்சென்ற ஒலிக்கு இன்னொரு காரணம் பாட். சிங்கிள் காயிலுக்கு ஏற்றது 250 கிலோ ஓம். மலிவுக் கிடார்களில் 500 போட்டிருப்பார்கள். பாட்டின் முதுகில் எழுதியிருக்கும். 500இல் உச்சம் தூக்கி நின்று காதைக் குத்தும்.

இதற்கு ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும் (மஞ்சள், ஊதா, மஞ்சள் கோடுகள்). வால்யூம் பாட்டின் மூன்று கால்களில் வெளிப்புறக் கால்கள் இரண்டுக்கும் குறுக்கே அதைப் பற்றவையுங்கள். 500உம் 470உம் இணையாகச் சேர்ந்து 242 கிலோ ஓம். கீச்சு அடங்கிவிட்டால் புது பிக்கப்புக்கு வேலையில்லை. சால்டரிங் அயர்னைக் காலில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளே கார்பன் தடம் கருகிவிடும். பாட்டில் எண்ணுக்கு முன்னால் 'பி' இருந்தால் அது லீனியர். வால்யூம் கடைசிச் சுற்றில் திடீரென விழுவது அதனால்தான்.

இரைச்சல்

சிங்கிள் காயில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம்மை வாங்கும். அது அதன் பிறவிக் குணம். ஆனால் எல்லா இரைச்சலும் ஹம் அல்ல. கிடாரோடு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் குறைந்து இன்னொன்றில் கூடினால் அது காந்த ஹம். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிடமிருந்து தள்ளி நின்றாலே பாதி தீரும். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் குறைகிற "ஸ்ஸ்ர்" என்ற கூர்மையான இரைச்சல் வேறு. மின்விசிறி ரெகுலேட்டர், எல்இடி ட்யூப், கரண்ட் போனபோது ஓடும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஆகியவை கொடுப்பது. உள்ளே செம்புத் தகடு ஒட்டி எர்த் செய்தால் இந்த இரண்டாவது அடங்கும், முதலாவது அடங்காது. சோதனையை இன்வெர்ட்டரில் செய்யவே செய்யாதீர்கள்.

ஸ்விட்சின் 2, 4ஆம் நிலைகளில் ஹம் குறைந்தால் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று வகை (கம்பிச் சுற்றும் காந்த முனையும் மற்ற இரண்டுக்கும் எதிராக இருப்பது). குறையாவிட்டால் மூன்றும் ஒரே வகை, பழுதில்லை. அந்த நிலைகளில் ஒலியே மெலிந்து மூக்கால் பேசுவது போல ஆனால்தான் ஒரு பிக்கப்பின் இரு ஒயர்கள் மாறியிருக்கின்றன.

ஜெனரேட்டர் வைத்த திருவிழா மேடையில் வாசிக்கும் முன் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்ட்ரிங்குக்கும் மைக்கின் இரும்புத் தலைக்கும் இடையே பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை மைக்கில் வாய் வைக்கக் கூடாது.

இனிக் கேட்கலாம்

ஆம்ப் கிளீன், ரிவெர்ப் இல்லை, கிடாரின் வால்யூமும் டோனும் 10இல். ஒரே பிக், ஒரே இடம். திறந்த ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொன்றாக, பிறகு 12ஆம் ஃப்ரெட்டில், பிறகு ஒரு ஈ மேஜர், கடைசியாக வால்யூமை 7க்கு இறக்கி அதையே மறுபடி. ஆடியோ இன்டர்ஃபேஸின் கிடார் இன்புட்டில் பதிவுசெய்யுங்கள். போன் மைக் தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும், ஒப்பிட உதவாது. இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். சற்றுச் சத்தமாக இருப்பதைத்தான் காது நல்லது என்று சொல்லும். எது எது என்று தெரியாமல் வேறொருவரைப் போடச் சொல்லிக் கேட்டால் இன்னும் நேர்மை.

கவனிக்க வேண்டியவை: ஆறாவது ஸ்ட்ரிங்கின் ஸ்வரம் குழம்பாமல் தனித்து நிற்கிறதா, பிரிட்ஜ் பிக்கப்பில் முதல் ஸ்ட்ரிங்குக்குக் கொஞ்சமாவது சதை இருக்கிறதா, மெல்ல மீட்டுவதற்கும் அடித்து மீட்டுவதற்கும் ஒலி மாறுகிறதா. கடைசியில் சொன்னதுதான் எனக்கு முதன்மை. விரலின் வேறுபாட்டைக் காட்டாத பிக்கப்பை எந்த ஆம்பும் காப்பாற்றாது. மற்றபடி செராமிக் என்றாலே மட்டம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். கீபோர்டும் தபேலாவும் நிறைந்த மெல்லிசைக் குழுவில் செராமிக் செட்டின் அழுத்தமான நடு ஒலி கிடாரைத் தனித்துக் காட்டும்.

பென்சில் முனையால் பிக்கப் மூடியைத் தட்டிப் பாருங்கள். மைக்கைத் தட்டியது போலக் கேட்டு, டிஸ்டார்ஷன் போட்டதும் வீலென்று அலறினால் காயிலுக்குள் மெழுகு ஏறவில்லை. இதுவும் அறுந்த காயிலும் உண்மையிலேயே பிக்கப்பின் குறைகள். மெழுகுக் குளியல் கொடுப்பதானால் மெழுகு 65 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கம்பி சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றுவது என்று முடிவெடுத்தால், கழற்றும் முன் ஒயர்களின் நிறமும் போகும் இடமும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய மூன்றின் அடியிலும் இடம், தடை, அளந்த அன்றைய வெப்பம் எழுதி ஒட்டி வையுங்கள்.