தொற்றுக் காலத்தில் பள்ளி திறப்பு: தலைமையாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிகளில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பேன். கொரோனா போல மறுபடி ஒரு தொற்று வந்து, பள்ளியை மூடி, பிறகு திறக்கச் சொன்னால் அரசு தரும் பணத்தில் முதலில் எதைச் செய்வீர்கள்? பதில் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் தெர்மல் ஸ்கேனர், அடுத்து சானிடைசர், அப்புறம் கிருமிநாசினி தெளிப்பு. 2021-இல் எங்கள் வட்டாரத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலும் இதுவேதான். அத்தனையும் பார்த்த பிறகும் அதே பட்டியல் திரும்ப வருகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முகக்கவசம் போட வேண்டும், காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசு கொடுக்கிற பணமும் பொருளும் ஆளும் பள்ளிக்கூட வாசல் வரை வந்து எங்கே வீணாகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். திறப்பு தள்ளிப் போனது. 2021 ஜனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்புகள் திறந்தன. இரண்டாம் அலையில் மறுபடி மூடி, செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரையும், நவம்பர் 1-இல் 1 முதல் 8 வரையும் திறந்தார்கள். அன்று இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் அதற்கு முன் ஒருநாள்கூட வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரி 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நீண்ட காலம் பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் திறக்கும்போது முதல் ரூபாய் எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

பணம் தெளிப்பானுக்கு, ஜன்னலுக்கு இல்லை

எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருப்பது இந்த ஒரு தவறுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசுப் பள்ளியின் கையில் இருக்கும் பணம் கொஞ்சம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மானியம் வரும். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அது கூடும், குறையும்; பெரிய பள்ளிக்கே ஒரு லட்சம்தான். அதில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சாக்பீஸிலிருந்து குழாய் ரிப்பேர் வரை எல்லாம் அந்தப் பணத்துக்குள்தான்.

2021-இல் பக்கத்து ஒன்றியத்துப் பள்ளி ஒன்றில் இந்தப் பணத்தில் பெரும்பகுதியை முதுகில் மாட்டும் தெளிப்பானுக்கும், கேன் கேனாக ஹைப்போ என்கிற கிருமிநாசினிக் கரைசலுக்கும், இரண்டு ஸ்கேனருக்கும் கொடுத்துவிட்டார்கள். திறப்புக்கு முந்தின நாள் பெஞ்சு, சுவர், வாசல், வேப்பமரத்தடி எல்லாம் தெளித்து, போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டார்கள். பாராட்டும் வந்தது. மறுநாள் நான் அங்கே போனபோது வகுப்பறைக்குள் கண் எரிந்தது. ஜன்னலைத் திறக்கலாம் என்று கொக்கியைத் தூக்கினேன். அசையவில்லை. பெயின்ட் அடிக்கும்போது கதவையும் சட்டத்தையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அது காய்ந்து ஒட்டிப்போயிருக்கிறது. அடுத்த ஜன்னலில் கீல் துருப்பிடித்து ஒரு பக்கம் தொங்கியது. கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். மூன்றாவதன் முன்னால் பீரோ. பெருக்கிக் கொண்டிருந்த அம்மா சொன்னார்: “அதத் தொறந்து நாலஞ்சு வருசம் இருக்கும் சார். தொறந்தா குளவி வருதுன்னு சாத்திட்டாங்க.”

நான்கு ஜன்னல் உள்ள அறையில் ஒன்றுதான் திறந்தது. அதற்குள் இருபது பிள்ளைகள், ஓர் ஆசிரியர்.

கொரோனா முக்கியமாக மூச்சுக்காற்று வழியாகப் பரவுகிற நோய். கிருமிநாசினியை அறைக்குள் வழக்கமாகத் தெளிப்பது வேண்டாம், ஆட்கள் மேல் எந்தச் சூழ்நிலையிலும் தெளிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. பொருள்களைத் தொடுவதால் பரவும் ஆபத்து குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் விளக்கமாகவே சொன்னது. நம் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் திறந்ததோ அந்த நவம்பரில். விஷயம் தெரிந்த பிறகும் பணம் தெளிப்பானுக்குப் போனது.

அதே ஆண்டு இங்கிலாந்து அரசு தன் பள்ளிகளுக்குச் சுமார் 3 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மானிகளை வாங்கிக் கொடுத்தது. அறைக்குள் காற்று தேங்கினால் அந்த மானியில் எண் ஏறும். ஆசிரியர் எழுந்து ஜன்னலைத் திறப்பார். அமெரிக்காவில் 2021 மார்ச் சட்டத்தின்படி பள்ளிகளுக்குக் கிடைத்த 12,200 கோடி டாலரைக் காற்றோட்ட வசதியைச் சரிசெய்யவும் பயன்படுத்தலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. நமக்கு அந்த மானிகூட வேண்டாம். நம் ஊர் பழைய கட்டடங்களில் இரு பக்கமும் ஜன்னல் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். குளிர்நாட்டில் ஜன்னலைத் திறந்தால் பிள்ளை நடுங்கும். நமக்கு அந்தச் சிக்கலும் இல்லை. உள்ளூர் ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து கீல், கொக்கி, தாழ்ப்பாள் மாற்றி, ஒட்டிப்போன கதவைப் பெயர்த்து, குளவிக்கு வலை அடித்தால் போதும். மொத்தப் பள்ளிக்கும் ஆகிற செலவு அந்தத் தெளிப்பான் கணக்கில் பாதிகூட வராது. ஜன்னல் அதற்குப் பிறகும் பல வருஷம் திறக்கும். தொற்று போன பிறகு ஏப்ரல் வெயிலுக்கும் உதவும். தெளிப்பான் அந்தப் பள்ளியில் இப்போது ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்று யோசித்தால், குற்றம் தலைமையாசிரியருடையது மட்டும் இல்லை. ஆய்வுக்கு வருபவர் கையில் இருக்கும் படிவத்தில் ஸ்கேனர் இருக்கிறதா, சானிடைசர் இருக்கிறதா என்று கட்டம் இருந்தது. எத்தனை ஜன்னல் முழுசாகத் திறக்கிறது என்று கேட்கிற கட்டத்தை நான் பார்க்கவில்லை. வாங்கின பொருளுக்கு வவுச்சர் இருக்கும், இருப்புப் பதிவேட்டில் வரி இருக்கும், போட்டோவில் விழும். ஆசாரிக்குக் கொடுத்த கூலிக்கு ஒரு துண்டுச்சீட்டுதான். தணிக்கையில் கேள்வி வருமோ என்று பயந்து, கேள்வி வராத பொருளையே வாங்குகிறோம்.

இதற்கு வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, அறை அறையாகப் போய், எத்தனை ஜன்னல் இருக்கிறது, எத்தனை திறக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பழுதுபார்க்கத் தீர்மானம் போடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, ஆசாரியின் பெயர், கூலி, வாங்கின கீலுக்கான பில் எல்லாவற்றையும் அந்தத் தீர்மானத்தோடு சேர்த்து வையுங்கள். தீர்மானமும் படமும் கையில் இருந்தால் தணிக்கைக்குப் பயப்பட வேண்டியதில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர். அவர்கள் கண்ணால் பார்த்த ஜன்னலுக்கு அவர்களே சாட்சி.

பூட்டிக் கிடக்கும் அறைகள்

ஒரு வகுப்பறையில் இருபது பேர் என்று உத்தரவு வந்தபோது, இடம் இல்லை, ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் வாருங்கள் என்று சொன்ன பள்ளிகள் பல. அவற்றில் சிலவற்றில் ஒரு அறை பூட்டியே இருந்தது. உள்ளே கால் உடைந்த பெஞ்சு, பழைய பாடநூல் கட்டு, ஓடாத கம்ப்யூட்டர், யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன வாக்குச்சாவடி மரச்சட்டம். கழிவுப் பொருள் என்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி, அனுமதி வாங்கி அப்புறப்படுத்த நடைமுறை இருக்கிறது. கொஞ்சம் இழுக்கும். அதனால்தான் திறப்பு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எழுதுங்கள். ஒரு அறை கிடைத்தால் ஒரு வகுப்புப் பிள்ளைகள் தினமும் வரலாம்.

குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை

காலால் மிதித்தால் தண்ணீர் வரும் கை கழுவும் ஸ்டாண்டை நன்கொடையாகக் கொடுக்க அமைப்புகள் முன்வருவார்கள். வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று முதலிலேயே கேளுங்கள். மிதிக்கிற கம்பி முதலில் உடையும். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் அதன்மேல் ஏறி நிற்பார்கள். சாதாரணக் குழாய் வரிசை, மேலே தொட்டி, ஊராட்சித் தொட்டியிலிருந்து தண்ணீர் விடும் நேரம் பள்ளி நேரத்தோடு பொருந்துவது, இவ்வளவுதான் தேவை. தண்ணீர் காலை ஆறு மணிக்கு வந்து ஏழுக்கு நின்றுவிட்டால், அந்த நேரத்தில் பள்ளித் தொட்டியை நிரப்ப ஒருவர் வேண்டும். அந்த ஆளுக்கான கூலியை ஊராட்சித் தலைவரிடம் பேசி முடிவு செய்துவிட்டு அப்புறம் குழாய் போடுங்கள்.

நெடுநாள் மூடியிருந்த தொட்டியைக் கழுவாமல் திறக்காதீர்கள். அடியில் இருப்பதை ஒருமுறை இறங்கிப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

பிளீச்சிங் பவுடர்

கழிவறை ஆசிட்டோடு சேர்க்காதீர்கள். கிளம்பும் புகை நுரையீரலைப் பாதிக்கும்.

வளாகத்துக்குள் இருக்கும் அங்கன்வாடி

நடுநிலைப் பள்ளி வளாகத்திலேயே அங்கன்வாடி இருக்கும் இடங்கள் நிறைய. 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியதும் இப்படிப்பட்ட வளாகங்களில்தான். ஆனால் பள்ளி ஒரு துறை, அங்கன்வாடி சமூகநலத் துறையின் கீழ். உத்தரவு தனித்தனியாக வரும், பணம் தனித்தனியாக வரும். குழாயும் கழிவறையும் வாசல் கதவும் மட்டும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும்.

தலைமையாசிரியர் திட்டம் எழுதும்போது அந்தப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. “அது அவங்க டிபார்ட்மெண்ட்” என்று ஒரு இளம் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் முகக்கவசம் நிற்காது, மூக்கைத் துடைத்துவிட ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்கிற உதவியாளர்தான் காலையில் அடுப்பையும் பார்க்கிறார். அங்கன்வாடி அம்மாவையும் உதவியாளரையும் உங்கள் திட்டக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கை கழுவும் நேரத்தை அவர்களோடு சேர்ந்து பிரித்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்கு ஒரு குழாயைத் தாழ்த்திப் போடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் இல்லாவிட்டால் வயல் வேலைக்கும் கம்பெனிக்கும் போகிற தாய் ஐந்தாம் வகுப்பு அக்காவை வீட்டில் நிறுத்துவார். உங்கள் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்பிள்ளை காணாமல் போவது அங்கன்வாடி திறக்காததால்தான்.

சத்துணவுக் கூடம்

பழைய அரிசியையும் பருப்பையும் திறப்புக்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். முதல் நாள் காலையில் பார்த்தால் மாற்றுச் சரக்கு வராது.

தன்னார்வலரை எடுபிடி ஆக்குவது

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் தெருவிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். பல பள்ளிகள் அவர்களிடம் பதிவேடு நிரப்பவும் ஆப்பில் ஏற்றவும் சொன்னதோடு சரி. எந்த வீட்டில் காய்ச்சல், எந்தப் பையன் மெக்கானிக் கடைக்குப் போகிறான், எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்ட ஆசிரியை ஒருவர், பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்து ஆள் வராத பிள்ளைகளை வீடுவீடாகப் போய்த் திரும்பக் கூட்டிவந்தார். அந்தச் செய்திக்குத் தனியாக ஒரு பைசா செலவில்லை.

கட்டடம்

2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கிருமியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். திறப்பதற்கு முன் பொறியாளரை வரவழைத்து, சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லி, எழுத்தில் சான்று வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. சந்தேகம் உள்ள சுவருக்குப் பக்கத்தில் கயிறு கட்டினால் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் விளையாடுவார்கள். தகரம் வைத்து அடையுங்கள்.

ஒருமுறை திறந்தால் போதும் என்று நினைப்பது

நவம்பரில் திறந்த சின்ன வகுப்புகளை 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்ததும் மறுபடி மூடினார்கள். பிப்ரவரி 1-இல் திரும்பத் திறந்தன. இடையில் என்ன செய்வது என்று பலரிடம் திட்டமே இல்லை. பாடநூல் பள்ளியிலேயே கிடந்தது, மாறிப்போன அலைபேசி எண்களை யாரும் திருத்தவில்லை. மூடச் சொல்லி உத்தரவு வரும் நாளன்றே, பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், ஒவ்வொருவரிடமும் வீட்டில் எடுக்கக்கூடிய எண் ஒன்றும், பக்கத்து வீட்டு எண் ஒன்றும் வாங்கி வகுப்புவாரியாக எழுதிவையுங்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். சத்துணவுக்குப் பதிலாக உலர் பொருள் கொடுக்கச் சொன்னால், அதை வாங்க வரும் நாளிலேயே பெற்றோரைப் பார்த்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று விசாரித்து, அந்தப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.