பராமரிப்பு இல்லத்தில் ஆள் போடும் கணக்கு

இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் புதிதாக மேலாளராகிறவர்கள் பலரும் கேட்பது, 'எத்தனை பேருக்கு ஓர் ஊழியர்?' என்பதுதான். அங்கு சுகாதார, சமூகப் பராமரிப்புச் சேவைகளுக்கான 2014-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் 18-ஆவது விதி அப்படி எந்த விகிதத்தையும் சொல்வதில்லை. தகுதியும் திறனும் உள்ளவர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். போதுமா என்று கணக்குக் காட்ட வேண்டியவர் நீங்கள்.

ஆகவே ஒரு வாரத்துக்கு, எந்த நேரத்தில் எந்த வேலை குவிகிறது என்று குறித்து வையுங்கள். காலை 7 முதல் 10 வரை எழுப்புவது, குளிப்பாட்டுவது, மாத்திரை, சிற்றுண்டி எல்லாம் ஒன்றாக வந்து விழும். தூக்கு கருவியால் ஒருவரைக் கட்டிலிலிருந்து இறக்கப் பெரும்பாலும் இருவர் தேவை. அந்நேரம் பக்கத்து அறையில் அழைப்பு மணி அடித்தால் யார் போவது? பிற்பகல் 2 மணிக்கு அத்தனை பேர் வேண்டியிருக்காது. 4 மணி நேரக் காலைப் பணி ஒன்றை உருவாக்கினால் பகுதி நேரம் தேடுகிறவர்கள் வருவார்கள். முகவர் நிறுவனம் அனுப்பும் தற்காலிக ஊழியருக்குச் செலவு அதிகம். யார் தேநீரில் சர்க்கரை கூடாது என்பதும் அவருக்குத் தெரியாது.

'அவரவர் விருப்பப்படி வாழலாம்' என்று வரவேற்பறையில் எழுதி மாட்டியிருப்பீர்கள். இரவு 9 மணிக்குக் குளிக்க ஆசைப்படும் பெரியவருக்கு உதவ அப்போது ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்தப் பலகை வெறும் அலங்காரம்.

பணி மாறும்போது தகவல் ஒப்படைக்கும் 15 நிமிடத்துக்கும் சம்பளம் கொடுங்கள்.