கொலனோஸ்கோபியில் பாலிப்புகள் கண்ணுக்குத் தப்புவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகிறது என்பதால், அந்த இடைவெளியில் அதைக் கண்டு வெட்டி எடுத்துவிட்டால் நோய் வராமலே தடுக்கலாம். அப்படிக் கண்டுபிடிக்க, கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பதுதான் கொலனோஸ்கோபி. ஆனால் குழாயை உள்ளே விட்டாலே எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். குடல் சுத்தமாக இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த கருவிக்கும் ஒன்றும் புலப்படாது.

குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து வேலூருக்குக் காலைப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு, பஸ்ஸில் வயிற்றைக் கலக்கினால் என்ன செய்வது என்ற அச்சம் இருப்பது நியாயமே. அதற்காக, குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பேதி மருந்து முழுவதையும் முந்தைய மாலையிலேயே குடித்து முடித்தால், சிறுகுடலிலிருந்து இரவெல்லாம் இறங்கும் பித்தம் கலந்த நீர் பெருங்குடலின் வலப்பக்கத்தில் மஞ்சள் பசைபோலப் படிந்துவிடும். எளிதில் தப்பிவிடும் தட்டையான பாலிப்புகள் அதிகம் இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். பாதி மருந்தை மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன்பும் குடிக்கத் தொடங்க வேண்டும். 8 மணிக்குப் பரிசோதனை என்றால் விடியற்காலை 3 மணிக்கே எழ வேண்டியிருக்கும். முதல் நாளே வேலூருக்கு வந்து தங்கிவிடுவதுதான் உத்தமம்.

முந்தைய நாள் சாப்பாட்டில் கீரை, கொய்யா, கேழ்வரகுக் களி ஆகியவை ஆகாது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயும், ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயும் அப்படியே. அவற்றின் விதைகள் கருவியின் உறிஞ்சும் துளையையே அடைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருமையாக்கிக் குடலில் ஒட்டவைக்கும் என்பதால், அதைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

மருத்துவர் பக்கத்திலும் தவறு நேர்வதுண்டு, அதில் முதன்மையானது அவசரம். குழாயைக் குடல்வால் வாய் வரை கொண்டுபோய், வெளியே இழுக்கும்போதுதான் மடிப்பு மடிப்பாகப் பார்க்கிறார்கள். அதற்குச் சராசரியாகக் குறைந்தது 6 நிமிடமாவது வேண்டும் என்றிருந்த அமெரிக்க அளவுகோல் 2024இல் 8 நிமிடமாக உயர்ந்தது. வலப்பக்கத்தை இரண்டாம் முறை பார்ப்பதும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும் கூடுதல் பாலிப்புகளைக் காட்டித் தரும். செயற்கை நுண்ணறிவு உதவினாலும், மடிப்புக்குப் பின்னால் ஒளிந்து திரைக்கே வராததை அது எப்படிச் சுட்டும்? புற்றாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்பை ஒரு மருத்துவர் கண்டுபிடிக்கும் விகிதம் 1 சதவீதம் கூடினால், அவரிடம் பரிசோதித்துக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் புற்று வரும் அபாயம் சுமார் 3 சதவீதம் குறைவாக இருந்ததை 2014இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

அறிக்கையில் ‘பாலிப் இல்லை’ என்ற வரியை மட்டும் படித்துவிட்டு ஃபைலை மூடி வைக்கக் கூடாது. குடலின் சுத்தத்துக்கு வலம், நடு, இடம் என ஒவ்வொரு பகுதிக்கும் 3க்கு எத்தனை மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஏதேனும் ஒன்றில் 2க்குக் கீழ் இருந்தால், மறுபரிசோதனையை ஓராண்டுக்குள் எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.