பல்லில் கம்பி போட்ட பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இரவுச் சந்தைக்குப் போனால் முறுக்கோ, கச்சாங் பூத்தே எனும் வறுத்த கடலை வகையோ வாங்காமல் பிள்ளைகள் வீடு திரும்புவதில்லை. ஆனால் பல்லில் கம்பி போட்டிருந்தால் இந்த மாதிரி கடினமானதைக் கடிக்கும்போது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் குட்டித் துண்டான பிராக்கெட் பெயர்ந்துவிடலாம். ஐஸ் கட்டியும் டோடோல் மாதிரி ஒட்டுகிற பண்டமும் அப்படித்தான். கொய்யாவை முன்பல்லால் கடிக்க விடாமல் மெல்லிசாக நறுக்கிக் கொடுங்கள். கம்பியை இறுக்கிய ஓரிரு நாள் வலிக்கும், கஞ்சியோ சாம்பாரில் ஊறிய இட்லியோ போதும்.

அதைவிடப் பெரிய தொல்லை சிராப் தண்ணி என்கிற இனிப்புச் சர்பத். பள்ளி விட்டு வந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழும், கம்பியைக் கழற்றின பிறகும் அது பல்லில் தெரியும். குடித்தே ஆகணும் என்றால் சாப்பாட்டோடு ஒரே தடவையில் முடிக்கச் சொல்லுங்கள்.

துலக்கும்போது புளோரைட் பற்பசை போட்டு, பிரஷைச் சாய்த்துப் பிடித்து பிராக்கெட்டுக்கு மேலேயும் கீழேயும் தேய்த்து, அப்புறம் பல்லிடுக்குக்கென்று விற்கிற குட்டி பிரஷைக் கம்பிக்கு அடியில் நுழைத்து எடுக்க வேண்டும், கீரை சிக்கிக்கொள்வது அங்கேதான். பள்ளியில் துலக்க முடியாதா, சரி, தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்கட்டும்.