கல்யாண வரவேற்பில் மனதைப் படிக்கும் நிகழ்ச்சி: வெளிநாட்டிலிருந்து ஏற்பாடு செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஊருக்குப் போய்க் கல்யாணம் நடத்தும் வெளிநாட்டுக் குடும்பங்களில், விருந்தினர் பாதிப் பேருக்கு மீதிப் பாதியைத் தெரியாது. அவர்களைக் கலகலப்பாக்க மனதைப் படிக்கும் கலைஞரை, அதாவது மென்டலிஸ்டை, அழைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அவரைப் பார்க்காமலே பல மாதங்களுக்கு முன்பே பேசி முடிக்கிறோம் என்பதால், கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

முதல் கேள்வி, மேடையிலா, விருந்தினர் நடுவிலா? மேடை என்றால் எல்லோரும் அரை மணி நேரம் அமைதியாக ஒரே பக்கம் பார்க்க வேண்டும். மணமக்களுடன் படம் எடுக்க வரிசை நிற்கும் நேரத்தில் அது நடக்காது. என்னைக் கேட்டால், கூட்டம் கூட்டமாகப் போய்ச் செய்து காட்டும் முறைதான் வரவேற்புக்குச் சரி. ஒரு கூட்டத்துக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். ஆறு பேர் கொண்ட கூட்டம் என்றால் ஒரு மணி நேரத்தில் 60 பேரைத்தான் பார்க்க முடியும். 400 பேர் வரும் கல்யாணத்துக்கு ஒரே ஆளை ஒரு மணி நேரத்துக்குப் பேசிவிட்டு, அப்புறம் பெரியப்பா குடும்பம் பார்க்கவே இல்லை என்று வருத்தப்படக் கூடாது. மேடைதான் வேண்டும் என்றால் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் படம் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். சட்டையில் மாட்டும் மைக் ஒன்றும், மேலே ஏறி வருபவருக்குக் கை மைக் ஒன்றும் தேவை. வந்தவர் சொன்ன பதில் கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் வித்தையே வீண்.

உங்களுக்கு அனுப்பும் வீடியோ பெரும்பாலும் பின்னணி இசை போட்டு வெட்டி ஒட்டியதாக இருக்கும். வெட்டாத ஐந்து நிமிடப் பதிவு ஒன்று கேளுங்கள். அதில் விருந்தினரைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "வெளியே சிரிப்பீர்கள், உள்ளே நிறைய யோசிப்பீர்கள்" என்பது யாருக்குத்தான் பொருந்தாது? பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948-இல் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணவிவரத்தை, தனித்தனியாக எழுதியது போலக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. ஆகவே இப்படிப் பொதுவாகப் பேசி ஓட்டுபவரை விட, விருந்தினர் மனதில் நினைக்கும் பெயரை முன்பே எழுதி மூடிய உறைக்குள் வைத்து, பிறகு பிரித்துக் காட்டுபவர்தான் கல்யாணக் கூட்டத்துக்கு ஏற்றவர்.

மொழியைப் பற்றியும் பேசுங்கள். ஆங்கில எழுத்துகளை எண்ணி, அட்டையில் எழுதிச் செய்யும் வித்தைகளைப் பாட்டிக்குக் காட்டினால் அவர் மரியாதைக்குச் சிரித்து வைப்பார். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கோ வேகமான தமிழ் பிடிபடாது. பெயரைத் தமிழில் எழுதினாலும் கண்டுபிடிப்பாரா, பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலும் பேசிச் செய்வாரா என்று வீடியோ அழைப்பிலேயே கேட்டு, ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இப்போதைய வித்தைகள் சில விருந்தினரின் போனிலேயே, இணையம் வழியாக நடப்பவை. வெளிநாட்டு சிம்மோடு வந்தவருக்கு மண்டபத்துக்குள் இணைப்பு கிடைக்காமல் போகலாம். இணையம் இல்லாமலும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். போனின் பூட்டு எண்ணையோ வங்கி அட்டையின் ரகசிய எண்ணையோ கண்டுபிடிக்கும் வித்தை வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். "உங்களுக்கு நெருக்கமான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்" என்பார் கலைஞர். போன வருடம் அப்பாவை இழந்தவர் வேறு யாரை நினைப்பார்? பெயரைச் சொன்னதும் அவர் கண் கலங்க, சுற்றி நிற்பவர்கள் கை தட்டிக்கொண்டிருப்பார்கள். பள்ளித் தோழர், முதல் ஆசிரியர் என்று கேட்கச் சொல்லுங்கள். பழைய காதல், சம்பளம், பிள்ளைப்பேறு பக்கமும் போகக் கூடாது. நம்பிக்கை உள்ள பெரியவர்கள் அவரைத் தனியே கூப்பிட்டு, பேத்திக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்பதும் உண்டு. இது பொழுதுபோக்கு மட்டுமே, குறி சொல்வதில்லை என்று அவரே சொல்ல வேண்டும். மழுப்புகிறவர் வேண்டாம்.

நிகழ்ச்சிக்கு முன்பே வந்து விருந்தினர் சிலரிடம் பேசுவதும், அவர்கள் நினைப்பதைச் சீட்டில் எழுதி வாங்குவதும் இந்தத் தொழிலில் வழக்கம். அதற்கு நேரம் கொடுங்கள். ஆனால் சொந்தக்காரர்களின் குடும்ப விவரங்களை நீங்களே பட்டியலிட்டு அனுப்பாதீர்கள்.

தேதி, வரும் நேரம், எத்தனை மணி நேரம், உதவியாளர், பயணம், தங்கும் செலவு, அவரால் வர முடியாமல் போனால் என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் எழுதி, அவரிடம் சம்மதம் வாங்குங்கள். நேரத்தைக் குறிக்கும்போது ஊர் நேரம் என்று எழுதுங்கள். முன்பணம் போக மீதியை நிகழ்ச்சி முடிந்ததும் கொடுங்கள். அன்று உங்களுக்கு ஓய்வு இருக்காது. பணத்தை உறையில் போட்டு, பொறுப்பான ஒரு மாமாவிடம் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். விருந்தினர் முகம் தெரியும் வீடியோவைத் தன் விளம்பரத்துக்குப் போடுவதாக இருந்தால், உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.