சிஎன்சி ரவுட்டரில் செதுக்கும் பெயர்ப்பலகைக்கு எந்த மென்பொருள்?

படம் வரையும் வசதிகளைப் பார்த்து மென்பொருள் வாங்காதீர்கள். வரைவதற்கு இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பே போதும். நாம் காசு கொடுப்பது டூல்பாத்துக்குத்தான், அதாவது கணினி ஓட்டும் ரவுட்டர் மெஷினின் பிட் (வெட்டும் முனை) எந்த வழியில், எந்த ஆழத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் கட்டளைகளுக்கு. அதனால் எந்த மாதிரி பலகை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வெறும் குழி எழுத்து என்றால் வி-கார்விங் (‘V’ வடிவ முனையுள்ள வி-பிட்டால் செதுக்குவது) இருந்தால் போதும். எழுத்துக் கோடு அகலமாக இருக்கும் இடத்தில் வி-பிட் ஆழமாக இறங்கும், குறுகும் இடத்தில் மேலேறும். புதிதாக வருபவர்கள் சிக்குவது இங்கேதான். 30 மி.மீ. அகலக் கோட்டை 60 டிகிரி பிட்டில் செதுக்கினால் ஆழம் 26 மி.மீ. வரும், 18 மி.மீ. பலகையைத் துளைத்து மெஷின் மேசையையும் வெட்டிவிடும். 90 டிகிரி பிட் என்றால் 15 மி.மீ.யோடு நிற்கும். ஆழத்துக்கு வரம்பு வைத்து, அடிப்பகுதியை எண்ட் மில்லால் (தட்டை முனை பிட்) தட்டையாக எடுக்கும் வசதி மென்பொருளில் கட்டாயம் வேண்டும். வெக்ட்ரிக் நிறுவனத்தின் விகார்வில் இது உண்டு. அதன் டெஸ்க்டாப் பதிப்பில் வேலையின் அளவு 25 x 25 அங்குலத்தைத் தாண்டாது. கடைப் பலகை செய்பவர்களுக்கு புரோ பதிப்பே சரி. நடுவில் முகடு வைத்துப் புடைத்து நிற்கும் எழுத்துக்கு உதவும் பிரிசம் டூல்பாத்தும் விகார்விலேயே இருக்கிறது. காசே செலவழிக்க முடியாது என்றால் எஃப்-என்கிரேவ் என்ற மென்பொருள் இலவசம். குழி எழுத்துக்கு அது போதும்.

தாமரை, பிள்ளையார் என்று புடைப்புச் சிற்பம் வேண்டுமா? ஆயத்த 3டி மாடலை வைத்துச் செதுக்க விகார்வே போதும். மாடலை நீங்களே உருவாக்கவோ மாற்றவோ வேண்டுமானால் அதே வெக்ட்ரிக்கின் ஆஸ்பயர் வேண்டும். விலை அதிகம். விகார்விலிருந்து பிறகு வித்தியாசத் தொகை மட்டும் கட்டி மாறிக்கொள்ளலாம் என்பதால், சிற்ப ஆர்டர் வரும் முன்னே அவசரப்பட வேண்டியதில்லை.

சிற்ப வேலைக்கு விலை சொல்லும் முன் நேரத்தைக் கணக்கிடுங்கள். 600 x 300 மி.மீ. பரப்பை 6 மி.மீ. பால் நோஸ் (உருண்டை முனை) பிட்டில் 0.5 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் 600 ஓட்டம், மொத்தம் 360 மீட்டர். நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் ஃபினிஷிங்குக்கு மட்டும் 2 மணி நேரம். இடைவெளியை 1 மி.மீ. ஆக்கினால் நேரம் பாதியாகும். ஆனால் வரி வரியாக நிற்கும் மேடு நான்கு மடங்காகி, மிச்ச நேரத்தை உப்புத்தாள் தின்றுவிடும்.

தமிழ் எழுத்துக்குத் தனிச் சோதனை தேவை. ‘கோயில்’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறினால் அந்த மென்பொருளில் தட்டச்சு செய்யாதீர்கள். இங்க்ஸ்கேப்பில் அடித்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை யூனியன் செய்து (ஒரே வடிவமாகச் சேர்த்து), எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவாருங்கள். யூனியன் செய்யாவிட்டால் கோடுகள் சந்திக்கும் இடத்தில் பிட் தாறுமாறாக ஓடும்.

கடைசியாக, உங்கள் கன்ட்ரோலருக்கான (மெஷினை இயக்கும் அமைப்பு) போஸ்ட் புராசஸர், அதாவது டூல்பாத்தை அதற்குப் புரியும் கோப்பாக மாற்றித் தரும் பகுதி, மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள்: மாக்3, ஜிஆர்பிஎல், ரிச்ஆட்டோ டிஎஸ்பி, எதுவானாலும். அங்குல போஸ்ட்டை மி.மீ. கன்ட்ரோலருக்குக் கொடுத்தால் பலகை 25.4 மடங்கு சிறுத்துவிடும். வெக்ட்ரிக் சோதனைப் பதிப்பில் சொந்த வேலையின் டூல்பாத்தைச் சேமிக்க முடியாது. அவர்கள் தரும் மாதிரிக் கோப்பைச் சேமிக்கலாம். அதை எடுத்து, பிட்டைக் கழற்றிவிட்டு, மெஷினில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.