ரேடியோஹெட் பிடிக்கவில்லையா? இப்படிக் கேட்டுப் பாருங்கள்

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டை, விமர்சகர்கள் கொண்டாடும் ‘கிட் ஏ’ (2000) ஆல்பத்தில் தொடங்காதீர்கள். கிதாரைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டுச் செய்தது அது. ராக் என்று நம்பிப் போனவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். என் சிபாரிசு 2007-இல் வந்த ‘இன் ரெயின்போஸ்’. பாட்டைக் கேட்பவரே விலையைத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டார்கள், புண்ணியவான்கள்!

பலருக்குத் தடையாக இருப்பது பாடகர் தாம் யார்க்கின் குரல். அந்த இழுவை எனக்கு இன்றும் முழுதாக ஒத்துவரவில்லை. சரி, குரலை விடுங்கள். பாடல் வரிகளைத் தேடிப் படிக்கவும் வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டான ‘15 ஸ்டெப்’பில் தாளத்தை மட்டும் கவனியுங்கள். நான்கு நான்காக எண்ணினால் உதைக்கும். ஐந்து ஐந்தாக எண்ணுங்கள், பிடிபட்டுவிடும். அப்புறம் ‘வியர்டு ஃபிஷஸ்’. மூன்று கிதார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகும். ஒருமுறை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், அடுத்த முறை இன்னொன்றை. எனக்கு இந்த இடத்தில்தான் மனம் இளகியது.

அதே பாடல்களை ‘ஃப்ரம் தி பேஸ்மென்ட்’ நிகழ்ச்சிக்காக நேரடியாக வாசித்த காணொளி உண்டு. எந்த ஒலி யார் கையிலிருந்து வருகிறது என்பது பார்த்தால்தான் புரியும்.

இதற்குப் பிறகே 1997-இன் ‘ஓகே கம்ப்யூட்டர்’.

அப்போதும் ஒட்டவில்லையா? குழுவின் கிதார் கலைஞர் ஜானி கிரீன்வுட், இஸ்ரேலிய இசைக்கலைஞர் ஷை பென் சூரோடும் ராஜஸ்தான் கலைஞர்களோடும் ஜோத்பூர் கோட்டையில் பதிவுசெய்த ‘ஜுனூன்’ (2015) கேளுங்கள். அதில் யார்க் பாடவில்லை.